ஓய்வு பெற்ற வாத்தியாருக்குச் சங்கத்தில் என்ன வேலை?

மாங்குளம் பக்கம் படிப்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டது:

"சேர், நீங்கள் ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. இன்னும் ஏன் ஆசிரியர் சங்கக் கூட்டம், மகஜர், மனு என்று திரிகிறீர்கள்? உங்களுக்குப் பென்சன் வருகிறது. நீங்கள் ஒரு சதமும் கட்டாத பணம் அது. எங்கள் சம்பளத்தைப் பேச வேண்டிய நேரத்தில் பாதிக் கூட்டம் பென்சன்காரரின் கதையிலேயே போய்விடுகிறது. பேரப்பிள்ளைகளோடு இருக்கலாமே?"

2025.02.18 இரவு

என் பேரப்பிள்ளைகள் கனடாவில். வாட்ஸ்அப்பில் ஞாயிறு மட்டும்தான் வருவார்கள். மற்ற ஆறு நாளும் நான் சும்மா.

இது பகிடிப் பதில். உண்மைப் பதிலை ஆறுதலாக எழுதுகிறேன். நேற்று வரவுசெலவுத் திட்டம் வாசித்தார்கள். எங்கள் சம்பந்தமாக இரண்டு வரி இருந்ததாம், அதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

2025.02.19

அந்த இரண்டு வரி இதுதான். 2020 ஜனவரி 1க்கு முன் ஓய்வு பெற்றவர்களின் பென்சன் முரண்பாட்டை மூன்று கட்டமாகத் தீர்ப்பார்களாம். 2025 ஜூலை, 2026 ஜூலை, 2027 ஜூலை.

முரண்பாடு என்னவென்று தெரியாத இளையவர்களுக்குக் கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன். 2016இல் அரச சம்பளத்தைத் திருத்தினார்கள், ஆனால் ஒரே தடவையில் இல்லை. அடிப்படைச் சம்பளத்தை 2016 தொடக்கம் 2020 வரை படிப்படியாகக் கூட்டினார்கள். கூடாமல் மிச்சமிருந்த பங்கை ஒரு படி (அலவன்ஸ்) என்ற பெயரில் தந்தார்கள். வருடா வருடம் படி குறையும், அடிப்படை ஏறும். வேலையில் இருந்தவனுக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பென்சனைக் கணக்குப் பார்ப்பது அடிப்படைச் சம்பளத்தில். ஒரே தரம், ஒரே சேவைக்காலம், ஒரே பள்ளிக்கூடத்து இரண்டு பேரில் ஒருவர் 2016இல் போனார், மற்றவர் 2020இல் போனார். இரண்டாமவரின் பென்சன் கூட. முதலாமவர் செய்த பிழை, நாலு வருடம் முந்திப் பிறந்தது.

2019 கடைசியில் இதைச் சரிசெய்வதாகச் சுற்றறிக்கை வந்தது. ஆட்சி மாறிய கையோடு, 2020 தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து ஐந்து வருடம் மகஜர் எழுதியவர்கள் யார்? பேரப்பிள்ளைகளோடு இருந்திருக்க வேண்டிய கிழவர்கள்தான்.

2025.02.19 பின்னேரம்

"கட்டாத பணம்" என்ற சொல் பகல் முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது.

தனியார் துறையில் வேலை செய்பவருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. அவர் 8 வீதம், முதலாளி 12 வீதம். எங்களுக்கு அது இல்லை. அதற்குப் பதிலாகத்தான் பென்சன். அரசாங்கம் முதலாளியாகப் போட வேண்டிய பங்கைப் போடாமல் "பிறகு தருகிறேன்" என்று சொன்ன கடன் அது. கடன்காரனிடம் போய்ப் பேசாமல் இருந்தால் அவன் மறந்துவிடுவான்.

அதோடு ஒரு சதமும் கட்டவில்லை என்பதும் சரியில்லை. விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மாதா மாதம் சம்பளத்தில் வெட்டினார்கள். உங்களுக்கும் வெட்டுகிறார்கள், சம்பளப் பட்டியலைப் பாருங்கோ.

2025.02.22

சம்பளப் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன், தம்பி பார்த்துவிட்டுச் சரி என்கிறார். இனி நியமனக் கடிதத்தையும் எடுங்கோ. 2016க்குப் பிந்திய கடிதமென்றால் ஓய்வூதியம் பற்றிய பந்தியை இரண்டு தரம் வாசியுங்கோ. என்னுடைய 1984ஆம் ஆண்டுக் கடிதத்தில் ஒரே வரி: இப்பதவி ஓய்வூதியத்துக்கு உரித்தானது. உங்கள் கடிதத்தில் அந்த வரியின் வாலில் இன்னொன்று தொங்கும், அரசாங்கம் பிறகு எடுக்கும் கொள்கைத் தீர்மானத்துக்கு உட்பட்டு என்று. அந்த வால் சங்கத்துக்குத் தலையிடி. கூட்டத்தில் அதைப் பற்றி முதலில் கேட்டவரும் ஒரு பென்சன்காரர்தான். உங்கள் வயதுக்காரர் எவரும் கடிதத்தை முழுதாக வாசித்திருக்கவில்லை.

2025.03.02

1984 என்று எழுதினேன். அந்த "4"க்கு ஒரு கதை இருக்கிறது. இதைச் சொன்னால் நான் ஏன் சங்கத்தை விடுவதில்லை என்பது விளங்கும்.

2009 ஏப்ரலில் புதுமாத்தளனில் இருந்து கடலேரியைக் கடந்து வந்தோம். கழுத்தில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் இன்னொரு பை, அதற்குள் பொலித்தீன் சுற்றிய கடதாசிகள்: பிறப்புச் சான்றிதழ்கள், மனைவியின் நகை அடகுச் சிட்டை, என் நியமனக் கடிதம். தண்ணீர் நெஞ்சுக்கு மேல். பையைத் தலைக்கு மேலே பிடித்தேன். ஒரு இடத்தில் கால் சேற்றுக்குள் போக, பக்கத்தில் வந்த கிழவியைப் பிடிக்கக் கையை இறக்கினேன். அவ்வளவுதான்.

செட்டிக்குளம் முகாமில் கூடாரக் கயிற்றில் கடதாசிகளைக் காயப்போட்டோம். அடகுச் சிட்டை தப்பியது, நகை இல்லை. நியமனக் கடிதமும் தப்பியது. ஆனால் திகதியில் வருடத்தின் கடைசி இலக்கம் மை ஊறி வட்டமாக விரிந்துவிட்டது. 198, பிறகு ஒரு நீல மேகம்.

2017இல் ஓய்வுக்குக் கடதாசிக் கோவை தயாரிக்கும்போது, ஒரு அலுவலகத்தில், பெயர் வேண்டாம், அந்த மேகத்தை 9 என்று வாசித்தார்கள். அங்கே இருந்த என் சுயவிபரக் கோவையும் யுத்தத்துக்குப் பிறகு மீளக் கட்டியது. பழைய கோவை எரிந்துபோயிற்று. நான் 4 என்றேன். "ஆதாரம் இருக்கோ சேர்?" என்று கேட்டார் அந்தப் பிள்ளை. மரியாதையாகத்தான் கேட்டார். 4க்கும் 9க்கும் இடையில் என் வாழ்க்கையில் ஐந்து வருடம், பென்சனில் அதற்குரிய வீதம்.

மிச்சம் நாளைக்கு. கரண்ட் நிற்கப் போகிறது போல.

2025.03.03

வவுனியாவில் எங்கள் சங்கத்தின் பழைய பொருளாளர் ஒருவர் இருந்தார். அவர் ஓய்வு பெற்றது 1998இல். கூட்டங்களுக்கு வந்து கடைசிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற ஆள். நாங்களே முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம், இந்த மனுசன் இன்னும் ஏன் வருகிறார் என்று. உங்கள் கேள்விதான் தம்பி, அச்சொட்டாக.

அவரிடம் போனேன். அலுமாரிக்கு மேலே இருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை இறக்கினார். 80களின் சந்தாக் கணக்கு. சிவப்புக் கோடு கிழித்து, பெயர், பள்ளிக்கூடம், பணம். விரலை எச்சில் தொட்டுப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார். 1984 ஐப்பசி. "புது நியமனம்" என்று எழுதி ஐந்து பெயர். மூன்றாவது நான். பக்கத்தில் இரண்டு ரூபா.

சந்தாக் கொப்பியை ஆதாரமாக எவன் எடுப்பான்? எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் என்னோடு நியமனம் பெற்ற மற்ற நாலு பேரின் பெயர் இருந்தது. இரண்டு பேர் உயிரோடு இல்லை. ஒருவர் லண்டன். நாலாமவர் யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் பெற்றுப் போனவர், அவருடைய கோவை அங்கே முழுதாக இருந்தது. அதற்குள் நியமனப் பெயர்ப்பட்டியலின் பிரதி. அதில் என் பெயரும் திகதியும். பிறகு ஒரு சத்தியக் கடதாசி, மூன்று மாதம், ஆறு தரம் பஸ்.

4 என்று ஒத்துக்கொண்டார்கள்.

2025.03.04

ஒருவர் கேட்கிறார், அந்தக் கொப்பி இப்போது எங்கே என்று. பொருளாளர் காலமாகி இரண்டு வருடம். மகள் கொப்பிகளைச் சங்கத்துக்குத் தந்துவிட்டார். என்னிடம்தான் இருக்கின்றன. இதுவரை பதினொரு பேருக்குப் பக்கம் புரட்டியிருக்கிறேன். ஏழு பேருக்குச் சரிவந்தது.

திருத்தம்: ஆறு பேருக்கு. மனைவி பக்கத்தில் இருந்து வாசிக்கிறா. ஏழாமவர் தன் மச்சானின் செல்வாக்கில் செய்வித்தாராம், அது என் கணக்கில் வராதாம்.

2025.03.29

உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க மாதம் முடிவதற்குள் ஓடினேன். எங்கள் கிராம அலுவலர் என்னிடம் ஒன்பதாம் ஆண்டில் கணக்குப் படித்த பிள்ளை. வெள்ளிக்கிழமைகளில் பாதி நாள் வராது. இப்போது வருடத்துக்கு ஒரு தரம் நான் அதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். படிவத்தை நிரப்பிவிட்டு நிமிர்ந்து, "வரவு போட்டாச்சு சேர்" என்றது.

2025.04.20

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்தது. கை விசேடம் கொடுத்தே அந்த மாதப் பென்சன் பாதி முடிந்தது.

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: 2021 போராட்டத்தில் நீங்களெல்லாம் எங்கே? சொல்கிறேன்.

அந்த வருடம் ஜூலை 12 தொடக்கம் ஒக்டோபர் வரைக்கும் ஆசிரியர்கள் இணையவழிப் படிப்பித்தலில் இருந்து விலகினார்கள். ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு அப்போதே இருபது வருடத்துக்கு மேலான பழசு, 1997 சம்பள ஆணைக்குழுவில் இருந்து வந்த வில்லங்கம். சரி, எங்கள் பக்கத்தில் இணையவழி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஒரு பெடியன் சிக்னலுக்காக வாய்க்கால் கட்டில் இருந்த மருதமரத்தில் ஏறி இருந்து வகுப்பைக் கேட்டான். விலகல் தொடங்கியது பற்றி அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை, இரண்டு நாள் சும்மா ஏறியிருந்தான்.

ஜூலை 8ஆம் திகதி நாடாளுமன்றத்துக்குக் கிட்ட நடந்த ஆர்ப்பாட்டத்தில் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினையும் மற்றவர்களையும் பிடித்தார்கள். கொரோனாத் தனிமைப்படுத்தல் என்று சொல்லிக் கொண்டுவந்து விட்ட இடம் எது? கேப்பாப்புலவு விமானப்படை முகாம். கொழும்பில் பிடித்து முல்லைத்தீவில் வைத்தார்கள். எங்கள் ஊருக்கு விருந்தாளி வந்தது போல, ஆனால் பார்க்க விடமாட்டார்கள். வேலையில் இருந்தவர்களுக்கு இடமாற்றம், ஒழுக்காற்று விசாரணை என்று பயம் இருந்தது. எங்களை எங்கே இடமாற்றுவது? அதனால் அந்த நாட்களில் பதாகை பிடித்து நின்றவர்களில் நரைத்த தலைகள் கூட. என் பதாகையில் எழுத்துப் பிழை இருந்தது, அதுவும் பத்திரிகைப் படத்தில் விழுந்துவிட்டது. தமிழ் ரீச்சர் ஒருவர் இன்றுவரைக்கும் சொல்லிக்காட்டுகிறா.

கடைசியில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியில் இருந்து கிடைத்தது. அது சம்பளத்துக்கு. எங்கள் பென்சனில் ஒரு ரூபா கூட ஏறவில்லை. சம்பளம் ஏறினால் பென்சனும் தானாக ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறாது. அதற்குத் தனியாகச் சுற்றறிக்கை வர வேண்டும், அதற்குத் தனியாகக் கத்த வேண்டும்.

2025.04.21

நேற்று எழுதியதை வாசிக்கத் தியாகி போலத் தெரிகிறது. இல்லை. மதியம் இரண்டு மணிக்கு வெயில் தாங்காமல் நான் தேத்தண்ணிக் கடைக்குள் போய் இருந்துவிட்டேன்.

2025.05.11

நேற்று வங்கிக்குப் போனேன். பத்தாம் திகதியை ஒட்டி முல்லைத்தீவில் வங்கி வாசலைப் பார்த்தால் பழைய மாணவர் சங்கம் மாதிரி இருக்கும். எண் சீட்டு இருந்தாலும் ஓய்வு பெற்ற அதிபர்மார் முன்னுக்குத்தான் இருப்பார்கள். யாரும் சொல்லித் தருவதில்லை, முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தானாக வரிசை வந்துவிடும்.

அங்கே கதை முழுக்க வட்டிதான். பணிக்கொடையை நிலையான வைப்பில் போட்டவர்கள் பலர். சிரேஷ்ட பிரஜைகளுக்கு 15 வீத வட்டி என்று ஒரு காலம் இருந்தது. அது 2022 ஒக்டோபரோடு போயிற்று, பொருட்களின் விலை உச்சத்தில் நின்ற நேரம் பார்த்து. இந்த ஏப்ரலில் இருந்து வட்டியில் பிடிக்கும் வரி 5 வீதத்தில் இருந்து 10 வீதம். வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே என்றால் வங்கியில் ஒரு வெளிப்படுத்தல் படிவம் கொடுத்து அதை நிறுத்தலாம். நேற்று வாசலில் இருந்தவர்களில் அது தெரிந்தவர் இரண்டு பேர்தான். மூன்று பேருக்கு நான் நிரப்பிக் கொடுத்தேன். எனக்கு நிரப்ப மறந்துவிட்டேன்.

2025.06.14

ஒட்டுசுட்டான் பக்கத்து ரீச்சர் ஒருவர் இந்த மாதம் ஓய்வு பெறுகிறா. வயது 60. 1994இல் தொண்டர் ஆசிரியராகத் தொடங்கியவ. மாதம் ஏதோ கொஞ்சக் காசு, சில மாதம் அதுவும் இல்லை, ஒரு மாதம் ஒரு மூடை நெல். நிரந்தர நியமனம் கிடைத்தது 2011இல், 46 வயதில். பென்சனுக்கு எண்ணப்படுவது அந்தப் பதினாலு வருடம் மட்டும். முந்திய பதினேழு வருடம் கடதாசியில் இல்லை.

பத்து வருடச் சேவை முடிந்தால்தான் பென்சன் உண்டு. அந்தளவில் இவ தப்பிவிட்டா. இவவோடு தொண்டராக இருந்து இன்னும் பிந்தி நியமனம் கிடைத்தவர்களில் பத்தே நிரம்பாதவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னா: "முதல் பதினேழு வருசத்தில படிச்சதுகளில ரெண்டு பேர் டொக்டர், ஒருத்தி இப்ப அதிபர். அதுகளுக்கெல்லாம் சேவைக்காலம் ஓடுது சேர்."

மகஜர் எழுதியிருக்கிறோம். இது ஐந்தாவது.

2025.06.15

தொண்டர் ஆசிரியர் விடயத்தில் சங்கமே நேர்மையாக இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். 90களில் அவர்களை நாங்கள் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. நியமனக் கடிதம் இல்லாதவர் ஆசிரியர் இல்லை என்பது அப்போதைய விதி. நானும் கை உயர்த்தினேன். இரண்டு ரூபாவை வாங்கி அந்தக் கொப்பியில் அவர்களின் பெயரையும் எழுதியிருந்தால், இன்று புரட்ட ஒரு பக்கமாவது இருந்திருக்கும். அதை அந்த ரீச்சரிடம் நான் சொல்லவில்லை. அவவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

2025.07.12

ஜூலைப் பென்சன் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் 2016இல் போனவர், அவருக்கு ஏறியிருக்கிறது. எனக்கு ஒரு சதமும் ஏறவில்லை. மனைவி என்னைப் பார்த்த பார்வை, "கணக்கு வாத்தியார்!"

முன்பே விளங்கப்படுத்தியிருக்க வேண்டும், அரைகுறையாக விட்டது என் பிழை. முதல் கட்டம் 2018க்கு முன் ஓய்வு பெற்றவர்களை 2018 சம்பளத்துக்குக் கொண்டுவருவது. நான் போனதே 2018இல், என்னுடையது ஏற்கெனவே அந்தச் சம்பளத்தில்தான். 2019 சம்பளத்துக்கு அடுத்த ஜூலை. 2020 சம்பளத்துக்கு 2027 ஜூலை. ஐந்து வருடம் மகஜர் எழுதிய நான் இன்னும் ஒரு வருடம் நிற்க வேண்டும், ஒரு கடிதமும் எழுதாத பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலில். பின்னேரம் அவர் வீட்டில் இருந்து பலாப்பழம் வந்தது.

2025.07.20

மாங்குளம் தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார், இந்தத் தடவை கொஞ்சம் தணிவாக. "அப்போ எங்கள் ஆட்களுக்கு இந்தப் பிரச்சினை வராதுதானே?"

ஏன் வராது? இந்த வருடம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவில் இருந்து 40,000 ஆக்கினார்கள். கூடுதலை எப்படித் தருகிறார்கள்? 2025, 2026, 2027 என்று மூன்று துண்டாக. 2016ஐ நினைத்துப் பாருங்கோ. அதே படிக்கட்டு. 2022 டிசம்பர் 31ஆம் திகதி ஓய்வு வயது 60க்கு இறங்கியபோது ஒரே நாளில் வீட்டுக்குப் போன பெருங்கூட்டம் இருக்கிறதே, பணிக்கொடைக்கே மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள், அவர்களின் பென்சன் பழைய சம்பளத்தில். நாங்கள் 2020இன் கோட்டைத் தொடும்போது கோடு வேறு இடத்தில் நிற்கும். அந்த மகஜரை எழுத நான் இருப்பேனோ தெரியாது. மாதிரிக் கடிதம் கணினியில் இருக்கிறது, ஆண்டை மட்டும் மாற்றினால் போதும்.

2025.08.30

மடுத் திருவிழா, மருமகனின் வருகை, சளி. எழுத நேரமில்லை.

2025.09.14

கூட்டத்தில் பென்சன் பற்றிப் பேச எங்களுக்கு அரை மணித்தியாலம் என்று மட்டுக்கட்டியிருக்கிறார்கள். தீர்மானம் கொண்டுவந்தது இளையவர்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. நாங்கள் பேசத் தொடங்கினால் 1977இல் இருந்துதான் தொடங்குவோம். பதிலுக்கு நாங்கள் ஒன்று கேட்டோம்: ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு இளம் ஆசிரியர் தங்கள் சுயவிபரக் கோவையின் பிரதியோடு வர வேண்டும், நாங்கள் பக்கம் பக்கமாகப் பார்ப்போம். பதவி உயர்வுக் கடிதம், தடைதாண்டல் பரீட்சைப் பெறுபேறு, விதவைகள் ஓய்வூதியப் பதிவு இலக்கம், திருமணப் பதிவு. யுத்த காலத்தில் கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட ஒருவருக்கு அந்தக் கடைசிக் கடதாசி இல்லாமல் மனைவி பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். தரம் உயர வேண்டிய திகதி கடந்து, கடிதம் வராமலே ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். பென்சன் பழைய படியில் நின்றுவிடும். பிறகு அதைத் திருத்துவது என்றால் என்னுடைய நீல மேகக் கதைதான்.

முதல் கூட்டத்துக்கு ஒருவரும் கோவை கொண்டுவரவில்லை.

2025.10.09

ஆசிரியர் தினம் ஒக்டோபர் 6, ஓய்வூதியர் தினம் 8. இடையில் ஒரு நாள்தான். ஒரே மாலையை இரண்டுக்கும் பாவிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், நேற்று அப்படித்தான் நடந்தது போல இருந்தது, பூ வாடியிருந்தது. பிளாஸ்டிக் கதிரை, றோல்ஸ், ஒரு நீண்ட பேச்சு. ஒட்டுசுட்டான் ரீச்சர் வந்திருந்தா. முதல் பென்சன் கிடைத்ததாம். தொகையைக் கேட்கவில்லை. மகஜருக்குப் பதில் வரவில்லை, "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று அட்டை மட்டும் வந்திருக்கிறது.

2025.10.11

இன்று காலை வாசலில் மோட்டார் சைக்கிள். மாங்குளம் தம்பி. கையில் கோவை, நீல மட்டை, இன்னும் புது வாசம். மனைவி தேத்தண்ணி வைத்தா. நாங்கள் முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழே விரித்து வைத்துப் பார்த்தோம்.

முதல் பக்கமே பிழை. அடையாள அட்டையில் தகப்பனின் முதலெழுத்து ஒன்று, நியமனக் கடிதத்தில் வேறொன்று. ஆறு வருடமாக அப்படியே சம்பளம் வந்திருக்கிறது, தம்பி கவனிக்கவில்லை. "இது பெரிய பிரச்சினையோ சேர்?" என்றார். இப்போது இல்லை, இன்னும் இருபத்தெட்டு வருடத்தில் பெரிய பிரச்சினை என்றேன். சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பவும் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

திங்கள் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகிறோம். இன்னொரு ஹெல்மெட் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.